சானடோரியம்னு ஏன் பேர் வந்துச்சு? தாம்பரத்துல காற்றையே மருந்தாக்கிய டாக்டர் முத்துவின் கதை

கடற்கரை – தாம்பரம் மின்சார ரயிலில் குரோம்பேட்டை தாண்டியதும் அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். காலையில் கூட்டம் அப்படியே இறங்கும். பாதிப் பேர் மெப்ஸ் வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். இன்னும் கொஞ்சம் பேர் கையில் எக்ஸ்ரே கவரோடு எதிர்ப்பக்கம் நடப்பார்கள்.

தினமும் அந்த ஸ்டேஷன் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு அதன் அர்த்தம் தெரியும்? சானடோரியம் என்றால் காசநோயாளிகள் மாதக்கணக்கில் தங்கி, ஓய்வும் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் எடுத்துக்கொள்ளும் இடம். மாத்திரை கண்டுபிடிக்கப்படாத காலத்து ஆஸ்பத்திரி. அந்தப் பெயர் இங்கே வரக் காரணமானவர் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து.

அவர் வாழ்நாள் முழுக்க நம்பிய ஒரு விஷயம், அவர் இறந்து இருபதே வருடத்தில், இதே சென்னையில் நடந்த ஓர் ஆய்வால் அடிவாங்கியது. அதற்கும் பல வருடம் கழித்து, அதே நம்பிக்கையின் இன்னொரு பாதிக்கு அறிவியல் வேறு திசையிலிருந்து ஆதாரம் கொண்டுவந்தது. அதில் ஒரு துப்பு கிடைத்தது கோழியிடமிருந்து.

யார் இந்த முத்து?

சௌரி முத்து பிறந்தது 1864-ல். இந்தியக் கிறிஸ்தவர். இங்கிலாந்துக்குப் போய் மருத்துவம் படித்து, அங்கேயே காசநோய் மருத்துவராக நிலைபெற்றார். ஆங்கிலேயர்களுக்கு ஓர் இந்தியர் சிகிச்சை தருவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அவரோ இங்கிலாந்தின் தென்மேற்கில், சாமர்செட் மாவட்டத்தில் வெல்ஸ் நகருக்குப் பக்கத்தில், மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையையே நடத்தினார்.

அன்றைக்குக் காசநோய் என்றால் என்ன நிலைமை? 1882 மார்ச் 24-ம் தேதி, நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் காக் பெர்லினில் அறிவித்தார். எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அடிக்க ஆயுதம் இல்லை. 1890-ல் காக் கொண்டுவந்த டியூபர்குலின் என்ற ஊசி, உலகமே எதிர்பார்த்தும், நோயைக் குணப்படுத்தவில்லை. கிருமியை நேரடியாகக் கொல்லும் முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல்தான்.

இடைப்பட்ட அந்த அறுபது வருடம் டாக்டர்கள் என்ன செய்தார்கள்? உடம்பு தானே போராடட்டும் என்று, அதற்குத் தோதான சூழலை அமைத்துக் கொடுத்தார்கள். மலை, காடு, திறந்த ஜன்னல், ஓய்வு, பால், முட்டை. ஐரோப்பாவில் ஜெர்மனியில் தொடங்கிய இந்த முறைக்குப் பெயர்தான் சானடோரியம் சிகிச்சை.

முத்து இந்த முறையில் ஊறியவர். அவருடைய மருத்துவமனையில் நோயாளிகள் திறந்தவெளிக் காற்று வரும் குடில்களில் இருந்தார்கள். மூச்சுப் பயிற்சி உண்டு. பாட்டுப் பாடுவதும் உண்டு, நுரையீரலுக்கு அது நல்ல பயிற்சி என்பதால். கொஞ்சம் தேறியவர்களுக்கு உடலுழைப்பும் உண்டு. பத்து வருட அனுபவத்தைத் தொகுத்து 1910-ல் ஒரு புத்தகம் போட்டார். 1922-ல் இன்னொன்று, இன்னும் பெரியது.

அந்தப் புத்தகங்களின் சாரத்தை ஒரு விவசாய உதாரணத்தில் சொல்லிவிடலாம். கிருமி என்பது விதை. உடம்பு என்பது மண். மற்றவர்கள் விதையைப் பார்த்துப் பயந்தார்கள். முத்துவோ மண்ணைத்தான் பார்த்தார். நெரிசலான வீடு, வறுமை, அரைவயிற்றுச் சாப்பாடு, புகை மண்டிய நகரம் எல்லாம் சேர்ந்து மண்ணைக் கெடுக்கின்றன, அதனால்தான் விதை முளைக்கிறது என்பது அவர் வாதம். கிருமிக்குச் சக டாக்டர்கள் கொடுத்த முக்கியத்துவத்தை அவர் கொடுக்கவில்லை. அந்த இடத்தில்தான் அவர் கொஞ்சம் தவறினார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கப்பலில் வந்த ஈரோட்டுப் பையன்

1914 மார்ச் 17-ம் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் இங்கிலாந்துக்குக் கிளம்பியது. அதில் இருந்த பயணிகளில் ஒருவர் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த 26 வயது கணித மேதை ராமானுஜன். இன்னொருவர் டாக்டர் முத்து. அந்தப் பயணத்தில் இருவருக்கும் அறிமுகம் ஆனது.

மூன்று வருடம் கழித்து அந்த அறிமுகம் வேறு மாதிரி தொடர்ந்தது. 1917-ல் கேம்பிரிட்ஜில் ராமானுஜன் நோயில் விழுந்தார். முதல் உலகப் போர் நேரம். சைவச் சாப்பாடு கிடைப்பதே கஷ்டம். அவருக்கு என்ன நோய் என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே கருத்து ஒத்துப்போகவில்லை. காசநோய் என்ற சந்தேகம் வலுத்தது. அந்த வருடம் அவர் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று முத்துவின் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியம். அங்கே அவர் அதிக நாள் இருக்கவில்லை. வேறொரு சானடோரியத்துக்கு மாறினார்.

1919-ல் ஊர் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். அவருக்கு வந்தது காசநோயே இல்லை, கல்லீரலைத் தாக்கும் அமீபா தொற்றாக இருக்கலாம் என்று 1994-ல் ஓர் ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து எழுதினார். அது சரியென்றால், குளிர்ந்த காற்று அவருக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது. ஒரே ஒரு சிகிச்சை முறையை மட்டும் நம்பியிருந்த காலத்தின் சோகம் அது.

சேத்துப்பட்டு என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முத்துவின் கதையில் அது மறுபடியும் வரும்.

பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கை

முத்துவுக்கு இங்கிலாந்தில் பேர் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியிருந்தார். அங்கேயே ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் இந்தியாவில் காசநோய்தான் நகரங்களைத் தின்றுகொண்டிருந்தது. அதற்கான மருத்துவமனைகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் மிஷனரிகள் நடத்திய ஆரோக்கியவரம் மாதிரி ஒன்றிரண்டு.

ஊருக்கு வந்தவர் தேர்ந்தெடுத்த இடம் தாம்பரம். இன்றைய ஜி.எஸ்.டி. சாலை நெரிசலை வைத்துக் கற்பனை செய்யாதீர்கள். மின்சார ரயில் 1931-ல்தான் வந்தது. சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல்தான் இங்கே குடிபெயர்ந்தது. அதற்கு முன்னால் இது குன்றும் புதர்க்காடும் வயலும் ஏரியும் சூழ்ந்த பகுதி. பச்சைமலைக் குன்றின் அருகே சுமார் 250 ஏக்கர் நிலத்தில், 1928-ல், 12 படுக்கைகளோடு சானடோரியத்தைத் தொடங்கினார்.

நகரத்திலிருந்து எட்டும் தூரம். ஆனால் நகரத்துப் புகை எட்டாத தூரம். அதுதான் அவர் கணக்கு. சாமர்செட் மலையில் செய்ததைச் செங்கல்பட்டு வெயிலில் செய்து பார்க்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது. பழைய இந்திய மருத்துவம் பற்றியும் அவருக்கு ஆர்வம் உண்டு. அதன் தொன்மை பற்றித் தனியாக ஒரு நூல் எழுதியிருக்கிறார். இன்று அதே சானடோரியம் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருப்பது தற்செயல்தான்; ஆனால் தெரிந்திருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருப்பார்.

1937-ல் சென்னை மாகாண அரசு சானடோரியத்தை எடுத்துக்கொண்டது. 1940-ல் முத்து மறைந்தார். அவர் கையில் கடைசி வரை ஒரு காசநோய் மாத்திரைகூடக் கிடைக்கவில்லை.

தீர்ப்பு சொன்ன சேத்துப்பட்டு

மாத்திரைகள் பின்னாடியே வந்தன. 1950-களில் ஐசோனியாசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகள் விலை குறைவாகவே கிடைத்தன. அப்போது ஒரு பெரிய கேள்வி எழுந்தது. லட்சக்கணக்கான நோயாளிகள் இருக்கிறார்கள். அத்தனை பேருக்கும் சானடோரியம் கட்ட எந்த அரசாங்கத்தாலும் முடியாது. மருந்து கையில் இருக்கும்போது சானடோரியம் உண்மையிலேயே வேணுமா?

இதைக் கண்டுபிடிக்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து தொடங்கியது. ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. நல்ல படுக்கை, ஓய்வு, சத்தான சாப்பாடு. இன்னொரு பாதி வீட்டிலேயே இருந்தார்கள். நெருக்கடியான வீடு, குறைவான சாப்பாடு, தேறத் தேற வேலைக்கும் போனார்கள். மருந்து மட்டும் இருவருக்கும் ஒன்றே, 12 மாதம்.

1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. வீட்டில் 86 சதவீதம். வித்தியாசம் சொற்பம். அதைவிட முக்கியம், வீட்டிலிருந்த நோயாளிகளின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. மருந்து தொடங்குவதற்கு முன்பே பரவ வேண்டியது பரவிவிடுகிறது. தொடங்கியதும் பரவுவது சீக்கிரமே குறைந்துவிடுகிறது.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். ராமானுஜன் இறந்த அதே சேத்துப்பட்டில் முத்துவின் முறைக்குத் தீர்ப்பு எழுதப்பட்டது. விதை முளைத்துவிட்ட பிறகு, மண்ணை எவ்வளவு பண்படுத்தினாலும் போதாது. களைக்கொல்லிதான் வேலை செய்யும். கிருமியை அவர் குறைத்து மதிப்பிட்டது தவறு என்பதில் இன்று சந்தேகமே இல்லை.

அப்ப உடம்புக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்லையா?

கதை இங்கேயே முடிந்திருந்தால் முத்து ஒரு தோற்றுப்போன டாக்டர். ஆனால் அவர் காலத்து சானடோரியங்கள் கேட்ட கேள்வி முடியவில்லை. ஓய்வும் மன அமைதியும் நோய் எதிர்ப்பு ஆற்றலை உண்மையிலேயே மாற்றுமா? மாற்றும் என்றால் எந்த வழியாக?

பதிலுக்கு ஒரு கோழிக்கூண்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். பறவைகளுக்கு ஆசனவாய்க்கு மேலே ஒரு சின்னப் பை உண்டு. 16, 17-ம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இத்தாலிய உடற்கூறியலாளர் ஃபேப்ரீசியஸ் அதை விவரித்ததால் ஃபேப்ரீசியஸ் பர்சா என்று பெயர். எதற்காக அந்தப் பை என்பது முந்நூறு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற ஆராய்ச்சி மாணவர் குஞ்சுகளிலிருந்து அந்தப் பையை எடுத்துவிட்டுப் பார்த்தார். அந்தக் கோழிகளில் சிலவற்றை ஒரு நண்பர் வகுப்பில் ஆன்டிபாடி பாடம் நடத்த வாங்கிப் போனார். ஊசி போட்டும் அவற்றில் பெரும்பாலானவை ஆன்டிபாடி சுரக்கவில்லை. 1956-ல் இதைக் கோழி வளர்ப்பு பற்றிய ஒரு ஆய்விதழில் வெளியிட்டார்கள். ஆன்டிபாடி சுரக்கும் செல்களுக்கு பி செல் என்று நாம் இன்று சொல்கிறோமே, அந்த பி வந்தது பர்சாவிலிருந்துதான்.

சரி, இதில் நரம்பு எங்கே வருகிறது? மண்ணீரல் மாதிரியான நோய் எதிர்ப்பு உறுப்புகளுக்குள் நரம்பு நுனிகள் ஓடுகின்றன. பறவைகளின் பர்சாவிலும் நரம்பிழைகள் உண்டு. அந்த நுனிகள் நார்அட்ரினலின் போன்ற வேதிப்பொருட்களைச் சுரக்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அதாவது மூளைக்கும் அந்தச் செல்களுக்கும் நடுவே ஒயர் இழுத்து வைத்தது மாதிரி. கோழிகளுக்கு அட்ரினலின் வகை வேதிப்பொருட்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஆன்டிபாடி சுரக்கும் செல்களின் எண்ணிக்கை மாறுவது தெரிந்தது. நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. கடும் வெயிலில் தவிக்கும் கோழிக்குத் தடுப்பூசி போட்டால் சரியாகப் பிடிக்காது. அதில் ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு.

2000-ல் அமெரிக்காவில் கெவின் டிரேசியின் குழு, கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி எலிகளில் அழற்சியைக் குறைத்துக் காட்டியது. 2020-ல் சீன ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். சுண்டெலிகளின் மண்ணீரலுக்குப் போகும் நரம்பைத் துண்டித்தால், தடுப்பூசிக்குப் பிறகு ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் குறைவாகவே உருவாயின. பயத்தையும் பதற்றத்தையும் கையாளும் மூளைப் பகுதிகளில் உள்ள சில நரம்பு செல்களைத் தூண்டினால் அவை அதிகமாயின. உயரமான ஒரு மேடையில் எலியைச் சிறிது நேரம் நிற்க வைத்தாலே போதும், ஆன்டிபாடி கூடியது. கவனியுங்கள், இங்கே லேசான பதற்றம் உதவியிருக்கிறது. அமைதியாக இருந்தால் எல்லாம் சரியாகும் என்ற எளிய சூத்திரம் இதில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. காசநோயில் முன்னணிப் படைவீரர்கள் ஆன்டிபாடிகள் இல்லை. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ்களும் டி செல்களும்தான். எனவே கோழியையும் எலியையும் காட்டி முத்துவின் சிகிச்சை சரி என்று சொல்லிவிட முடியாது. மனதையும் நோய் எதிர்ப்பையும் இணைக்கும் பாதை உடம்புக்குள் உண்மையிலேயே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

மண் பற்றி அவர் சொன்னது

முத்துவுக்கு உறுதியான ஆதரவு வந்தது சாப்பாட்டுத் தட்டிலிருந்து. ஜார்கண்டில் காசநோயாளிகளின் வீட்டில் இருக்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. ஒரு பிரிவுக் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கூடுதலாகக் கொடுத்தார்கள். 2023-ல் வந்த முடிவு: அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மருந்தோடு சத்துணவும் பெற்ற நோயாளிகளில், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது.

1959 ஆய்வையும் 2023 ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முரண்பாடு மாதிரி தெரியும், ஆனால் இல்லை. நோய் வந்த பிறகு குணமாக்குவது மருந்து. நோய் வராமல் இருக்க, வந்தாலும் உயிர் தப்ப, உடம்பில் சத்து வேண்டும். வறுமையும் அரைவயிறும்தான் காசநோய்க்கு மண் என்று முத்து எழுதிய பகுதி நின்றுவிட்டது. நல்ல காற்றே மருந்து என்ற பகுதி போய்விட்டது.

இன்று காசநோய்க்கு அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சாதாரண வகைக்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதித்துவிடுவது நல்லது. சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கொஞ்சம் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் நல்ல காற்று வாங்கலாம் என்று நினைப்பது ஆபத்து. அப்படி நிறுத்தினால் மருந்துக்கு மசியாத காசநோயாக அது திரும்பி வரலாம்.

மறுபடியும் வாசல் திறந்த நாள்

சானடோரியங்கள் மூடிய காலத்தில் தாம்பரம் மூடவில்லை. அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக வளர்ந்தது. 1986-ல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் சென்னையில் கண்டறியப்பட்டன. பல இடங்களில் அந்த நோயாளிகளைத் தொடவே தயங்கினார்கள். எச்.ஐ.வி. வந்தவர்களைக் காசநோய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்பதால் அவர்கள் வந்து நின்ற வாசல்களில் ஒன்று தாம்பரம். 1993 முதல் அவர்களுக்கு இங்கே சிகிச்சை தரப்பட்டது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது, நாட்டிலேயே முதலில் தேர்வான எட்டு மருத்துவமனைகளில் இதுவும் ஒன்று. வெளிமாநிலங்களிலிருந்துகூட ரயிலேறி இங்கே வந்தார்கள்.

யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ளப் பயந்த நோயாளிகளுக்காக ஊருக்கு வெளியே ஓர் இடம் ஒதுக்கினார் முத்து. ஊர் வளர்ந்து வந்து அந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டது. காற்று இப்போது அவர் நினைத்த மாதிரி சுத்தமாக இல்லை. ஆனால் எக்ஸ்ரே கவரோடு இறங்கி அந்தப் பக்கம் நடப்பவர்களுக்கு இன்றும் கதவு திறந்திருக்கிறது. உள்ளே போனால் அவர் கையில் இல்லாத மாத்திரையும் கிடைக்கிறது.